முதலில் யார் பேசுவது: இயந்திரமா, மனிதரா?

ஒரு முடிவை எடுக்கும்போது செயற்கை நுண்ணறிவை நம்புவதா, உள்ளுணர்வை நம்புவதா என்று யாரைக் கேட்டாலும் "ரெண்டையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்றுதான் பதில் வரும். ஏஐ விற்கும் நிறுவனங்கள் இதைத்தான் சொல்கின்றன. சட்டம் எழுதுபவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள். கேட்க நியாயமாக இருப்பதால் யாரும் மேற்கொண்டு நோண்டுவதில்லை.

நோண்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மனிதர் தனியாக, இயந்திரம் தனியாக, இருவரும் சேர்ந்து என்று மூன்றையும் அளந்த 106 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய கட்டுரை ஒன்று 2024-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. சராசரியாகப் பார்த்தால், இருவரும் சேர்ந்து செய்த வேலை, இருவரில் கெட்டிக்காரர் தனியாகச் செய்ததைவிட மோசமாகவே இருந்தது. மனிதர் மேலாக இருந்த வேலைகளில் கூட்டு பலன் தந்தது. இயந்திரம் மேலாக இருந்த வேலைகளில், மனிதர் உள்ளே வந்ததும் தரம் இறங்கியது. எழுதுவது, உருவாக்குவது போன்ற வேலைகளில் கூட்டணி ஓரளவு எடுபட்டது. அடி வாங்கியது பெரும்பாலும் முடிவெடுக்கும் வேலைகளில்தான்.

ஆக, "சேர்த்துக்கொள்வது" என்று ஒரே ஒரு வழி கிடையாது. அதற்குள்ளேயே பல வழிகள் இருக்கின்றன. யார் முதலில் சொல்கிறார், யார் அப்புறம் பார்க்கிறார், யாரால் நிறுத்த முடியும் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உள்ளுணர்வு மட்டும் போதும் என்றால்

உள்ளுணர்வை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களும் உண்டு, அதற்கு ஏதோ தெய்வீக சக்தி இருப்பதாகப் பேசுபவர்களும் உண்டு. கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புப் படைத் தலைவர்களைக் கவனித்தபோது கண்டது வேறு. எரியும் கட்டடத்துக்குள் நிற்கும் ஆள் நாலு வழிகளை ஒப்பிட்டுக்கொண்டு இருப்பதில்லை. முன்பு பார்த்த நூறு தீக்களில் எதைப் போல இது இருக்கிறது என்பது அவருக்குச் சட்டென்று பிடிபடுகிறது, முதலில் தோன்றுவதைச் செய்கிறார், பெரும்பாலும் அது சரியாக இருக்கிறது. நிபுணர்களின் அதீத நம்பிக்கையைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர் இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமன். இந்த இருவரும் எதிரெதிர் அணி. சேர்ந்து உட்கார்ந்து பேசி, 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள்: அந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும், நம்பத்தக்க அறிகுறிகள் இருக்க வேண்டும், முடிவெடுத்தவருக்குத் தன் முடிவு சரியா தவறா என்று சீக்கிரமே, தெளிவாகத் தெரிய வந்திருக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இரண்டும் கிடைக்கிறது. செஸ் ஆட்டக்காரருக்கும் கிடைக்கிறது. பங்குச் சந்தையில் எது ஏறும் என்று சொல்பவருக்கும், பத்து வருடம் கழித்து அரசியல் எப்படி இருக்கும் என்று சொல்பவருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் மனசுக்குள் எழும் உறுதி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். "எனக்கு நல்லா தெரியுது" என்கிற உணர்வை வைத்து, அந்த உள்ளுணர்வு பயிற்சி பெற்றதா பெறாததா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நேர்முகத் தேர்வு நடத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆளைப் பார்த்ததும் சொல்லிடுவேன்" என்று சொல்லாத மேலாளர் குறைவு. அவர் தேர்ந்தெடுத்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்றவர்கள் வேறு இடத்தில் போய்ச் சிறப்பாக வேலை செய்தார்களா என்பது அவர் காதுக்கு வருவதே இல்லை. பாதி விடைத்தாள் திருத்தப்படாமலே இருபது வருட அனுபவம் சேர்கிறது.

கணினி பரவலாகும் முன்பே இது அம்பலமாகிவிட்டது. 1954-இல் பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர், நோயாளியின் போக்கை மருத்துவ உளவியலாளர்கள் கணிப்பதையும், நாலைந்து எண்களைக் கூட்டிக் கணிப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார். கூட்டல் கணக்கு பெரும்பாலும் நிபுணரைச் சமன் செய்தது, அல்லது முந்தியது. கூட்டல் கணக்கு களைப்படையாது. ஒரே ஃபைலைத் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை வேறு மாதிரியும் படிக்காது. அதன் பலம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன பலம் இல்லை.

முழுக்க இயந்திரத்திடம் விட்டால்

சில முடிவுகளை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். எந்த மின்னஞ்சல் குப்பை என்று முடிவு செய்வதை யாரும் தன் உரிமையாகக் கேட்டுப் போராடவில்லை. தவறு நடந்தால் இழப்பு குறைவு, தவறு கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் மனிதர் நடுவில் நிற்பது வீண் சம்பளம்.

மனிதர் பார்க்க முடியாததை இயந்திரம் பார்க்கும் இடங்களும் உண்டு. 2016-இல் சியோலில், கோ என்ற பலகை விளையாட்டில் உலகின் முன்னணி வீரர் லீ செடோலுக்கு எதிராக ஆல்பாகோ என்ற ஏஐ, இரண்டாவது ஆட்டத்தில் 37-ஆவது நகர்வாக வைத்த காயைப் பார்த்து, வர்ணனை செய்துகொண்டிருந்த நிபுணர்களே தவறோ என்று நினைத்தார்கள். மனிதர் ஒருவர் அந்த இடத்தில் காய் வைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று அதன் கணக்கே சொன்னது. அந்த ஆட்டத்தில் ஆல்பாகோதான் வென்றது. ஆனால் கோ பலகையில் ஒன்றும் மறைவில்லை. ஆட்டத்தைத் தீர்மானிக்கும் எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. உலகம் அப்படி இல்லை.

நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க 1990-களில் அமெரிக்காவில் டேட்டாவிலிருந்து கற்கும் சில கணினி மாடல்களைப் பயிற்றுவித்தார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் நிமோனியாவால் இறக்கும் வாய்ப்பு குறைவு என்று டேட்டாவிலிருந்து ஒரு விதி வெளிப்பட்டது. டேட்டாவில் பொய் இல்லை. ஆஸ்துமா நோயாளி நிமோனியாவோடு வந்தால் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அதனால் பிழைத்தார்கள். "ஆபத்து குறைவு" என்று மாடல் சொல்வதைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் செத்திருப்பார்கள். அந்த ஆய்வில் வேலை செய்த ரிச் கருவானா, இருந்ததிலேயே துல்லியமான நியூரல் நெட்வொர்க் வகை மாடலை (உள்ளே என்ன கற்றது என்று படித்துப் பார்க்க முடியாதது) பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்துமா விஷயம் கண்ணில் பட்டதால் திருத்திவிடலாம், கண்ணில் படாமல் அது இன்னும் எதைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை.

இதை மீலே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஒருவர் வாரம் தவறாமல் சினிமாவுக்குப் போகிறவர் என்று சூத்திரம் சொல்கிறது. ஆனால் இன்று காலையில் அவருக்குக் கால் உடைந்துவிட்டது. அது தெரிந்த மனிதர் சூத்திரத்தைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். சரிதான். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், மனிதர்கள் எல்லா இடத்திலும் உடைந்த காலைப் பார்க்கிறார்கள். "இந்த கேஸ் வேற" என்று தோன்றுகிற பத்தில் ஒன்றிரண்டுதான் உண்மையில் வேறாக இருக்கும் என்பது என் எண்ணம். இயந்திரத்தை மீறுவதற்கு ஒருவர் காட்டும் காரணம், இயந்திரத்துக்குத் தெரியாத ஒரு தகவலாக இருக்கிறதா, அல்லது அதே தகவலை வேறு விதமாக உணர்வதா என்று பிரித்துப் பார்த்தால் போதும். முதலாவது என்றால் மீறலாம். இரண்டாவது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இயந்திரம் சொல்லும், மனிதர் கையெழுத்துப் போடுவார்

இன்று பரவலாக இருப்பது இந்த ஏற்பாடுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டத்தின் 14-ஆவது பிரிவு, அதிக ஆபத்துள்ள ஏஐ அமைப்புகளை மனிதர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்கிறது. என் கண்ணுக்கு, இருப்பதிலேயே ஏமாற்றமான வழி இதுதான்.

ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது, ரேடியாலஜி இதழில் 2023-இல் வெளியானது. எக்ஸ்ரே போன்ற படங்களைப் படிக்கும் மருத்துவர்களான 27 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படங்களைக் கொடுத்து, கூடவே ஏஐ சொன்னதாக ஒரு விடையையும் காட்டினார்கள். சில படங்களுக்கு வேண்டுமென்றே தவறான விடை. ஏஐ சரியாகச் சொன்ன படங்களில் அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஏஐ தவறாகச் சொன்ன படங்களில் அது சுமார் 20 சதவீதமாகச் சரிந்தது. புதியவர்கள்தானே என்று விடலாம் என்றால், நல்ல அனுபவம் உள்ளவர்களும் 82-இல் இருந்து 45-க்கு இறங்கினார்கள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டால், கைகள் தானாக அந்த விடையை நோக்கித்தான் போகும்.

சரிபார்ப்பவர் எப்போது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் பிரச்சினை. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-இலேயே எழுதினார்: தானியங்கி சுலபமான வேலையை எடுத்துக்கொண்டு கடினமானதை மனிதரிடம் விடுகிறது, சுலபமானதைச் செய்து செய்துதான் மனிதர் கடினமானதற்குப் பழகியிருப்பார், அந்தப் பழக்கமும் போய்விடுகிறது. 2009 ஜூன் 1 அன்று ஏர் ஃபிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானம் பறக்கும் நிலையில்தான் இருந்தது. திடீரென்று கைக்கு வந்த விமானத்தைச் சமாளிக்க முடியாமல் நாலரை நிமிடத்துக்குள் அது அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள்.

பழக்கம் விட்டுப்போவதற்கு அண்மைக்கால அடையாளமும் உண்டு. போலந்தில் சில மையங்களில் பெருங்குடல் பரிசோதனைக்கு ஏஐ உதவியைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின், ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அதே மருத்துவர்கள் புற்றுக்கு முந்தைய கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28.4 சதவீதத்தில் இருந்து 22.4 சதவீதமாகக் குறைந்தது என்று 2025-இல் அறிக்கை வந்தது. முன்பின் ஒப்பீடு மட்டும்தான் அது, வேறு காரணமும் கலந்திருக்கலாம். ஆனாலும், மேற்பார்வை செய்ய ஒருவரை நிறுத்திவிட்டு, மேற்பார்வைக்குத் தேவையான திறமையை அந்த ஏற்பாடே கரைக்கிறது என்றால், இன்னும் பத்து வருடத்தில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

பழி எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி ஒரு பாதசாரி இறந்தார். நிறுவனத்தின் மீது குற்றவழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்று அரசுத் தரப்பு முடிவு செய்தது. காருக்குள் கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்தவர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது தவறுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் விழிப்பாக மட்டும் இரு என்பது மனித மூளைக்குக் கொடுக்கக்கூடிய வேலைதானா என்று வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

பிடி நம் கையில் இருப்பதாகத் தோன்றுவது

டீட்வோர்ஸ்ட், சிமன்ஸ், மாஸி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015-இல் ஒன்றைக் காட்டினார்கள். அல்காரிதம், அதாவது கணக்குப் போட்டு விடை சொல்லும் முறை, ஒரு தவறு செய்வதைப் பார்த்துவிட்டால் மக்கள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள், மனிதர் அதைவிட அதிகத் தவறு செய்வதைப் பார்த்திருந்தாலும். பின்னர் அவர்களே இதற்கு ஒரு மருந்தும் கண்டார்கள்: அல்காரிதத்தின் விடையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தால் மக்கள் அதை ஏற்கிறார்கள். எவ்வளவு மாற்றலாம் என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. துளியூண்டு மாற்ற விட்டாலும் திருப்தி வந்துவிட்டது.

விற்பவருக்கு இது நல்ல செய்தி. வாங்குபவர் உஷாராக இருக்க வேண்டும். திரையில் ஒரு "மாற்று" பட்டனை வைத்தால் நம்பிக்கை பிறந்துவிடும் என்றால், அந்த நம்பிக்கை பாதுகாப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் மூக்கைக் கீழே தள்ளும் எம்கேஸ் என்ற மென்பொருள், ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பி இயங்கியது. 2018 அக்டோபரில் முதல் விபத்து நடக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. விமானிகள் கையில் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்தன. எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்பது மட்டும் தெரியாது. ஐந்து மாத இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள்.

மனிதர் முதலில், இயந்திரம் அப்புறம்

1983 செப்டம்பர் 26 நள்ளிரவில் சோவியத் எச்சரிக்கை அமைப்பு, அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவியதாகவும், தொடர்ந்து இன்னும் நாலு வருவதாகவும் அறிவித்தது. பணியில் இருந்த ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். பின்னால் பார்த்தால், உயரமான மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியை செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. உள்ளுணர்வின் வெற்றி என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் தொடங்குகிறவர்கள் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு, மணி அடிப்பதற்கு முன்பே அவரிடம் இருந்தது. அமைப்பு புதியது, அதில் கோளாறு இருக்கலாம் என்பதும் தெரியும். தரையில் இருந்த ரேடார் எதையும் காட்டவில்லை என்பதையும் கவனித்தார். இயந்திரம் பேசுவதற்கு முன்பே ஒரு கருத்து, இயந்திரத்தைச் சாராத ஒரு தகவல், நிறுத்தி யோசிக்கச் சில நிமிடம். மாமோகிராம் ஆய்வில் இருந்தவர்களுக்கு இந்த முதலாவது கிடைக்கவில்லை.

ஆகவே ஏஐ உதவியோடு முடிவெடுப்பவருக்கு நான் சொல்லக்கூடிய மிக மலிவான மாற்றம்: அதன் விடையைத் திறப்பதற்கு முன்பு உங்கள் விடையை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மனசில் நினைத்துக்கொண்டால் போதாது, பார்த்தபின் மனசு தன் பழைய நினைப்பை மாற்றிச் சொல்லும். சாட்பாட்டுகளோடு இது இன்னும் அவசியம். ஆட்டோபைலட்டாவது முடியாதபோது விலகிக்கொள்கிறது. சாட்பாட் தெரிந்ததையும் தெரியாததையும் அதே சரளத்தில் சொல்கிறது. 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், நடக்கவே நடக்காத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். சாட்பாட் தந்த அந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று அவர்களில் ஒருவர் சாட்பாட்டையே கேட்டிருந்தார். உண்மைதான் என்றது. அதனிடம் "என்ன செய்யலாம்" என்று கேட்பதைவிட, "நான் இப்படிச் செய்யப்போகிறேன், எங்கே இடிக்கும்" என்று கேட்பது நல்லது. அது சொல்லும் ஆட்சேபத்தை நீங்களே வேறு இடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

எல்லா வேலைக்கும் இது ஒத்துவராது. படம் படமாக ஆயிரக்கணக்கில் வரும் இடத்தில் வேலையைப் பிரித்துக்கொடுப்பதுதான் வழி. ஸ்வீடனில் 80,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மாசாய் என்ற மார்பகப் புற்றுப் பரிசோதனையில், ஏஐ முதலில் படங்களை ஆபத்து வாரியாகப் பிரித்தது. ஆபத்து குறைவானதை ஒரு ரேடியாலஜிஸ்ட், அதிகமானதை இரண்டு பேர் பார்த்தார்கள். 2023-இல் வந்த இடைக்கால முடிவில், படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்திருந்தது. வழக்கமான முறையில் 203 புற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, இந்த முறையில் 244. அங்கே யாரும் கையெழுத்துக்காக உட்காரவில்லை. இருக்கிற கவனத்தை எங்கே செலவழிப்பது என்பதை மட்டும் இயந்திரம் சொன்னது.

ஆள் எடுக்கிற வேலைக்கு எது பொருந்தும்

இயந்திரத்திடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமேசான் செய்து பார்த்த கருவி இருக்கிறது. பத்து வருட விண்ணப்பங்களில் பயிற்சி பெற்ற அது, பெண்களைக் குறிக்கும் சொல் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது, நிறுவனம் கைவிட்டது என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. மேலாளரின் மனசை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

எனக்குப் பிடித்த வழி 1955-ஐச் சேர்ந்தது, அதில் கணினியே இல்லை. 21 வயது கானமன் இஸ்ரேல் ராணுவத்தில் நேர்முகத் தேர்வைத் திருத்தி அமைக்கும் வேலையில் இருந்தார். ஆறு குணங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த சம்பவங்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டு, தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார். எங்களை ரோபோ ஆக்குகிறீர்கள் என்று தேர்வாளர்கள் முறைத்துக்கொண்டார்கள். சரி, எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி இந்த ஆளைப் போர்வீரராகக் கற்பனை செய்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். அவர்களைச் சமாதானம் செய்யச் சேர்த்ததுதான். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தக் கண்மூடி மதிப்பெண் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்கே நன்றாகக் கணித்தது.

இப்போது ஆறு மதிப்பெண்ணை ஏஐ திரட்டித் தரலாம். ஆனால் தேர்வாளர் தன் கண்மூடி மதிப்பெண்ணைப் போட்டு முடிக்கும்வரை அது திரையில் தெரியக்கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் முடிவு சுலபம். முரண்பட்டால் காரணத்தை எழுதி வைத்து, ஒரு வருடம் கழித்து யார் சொன்னது பலித்தது என்று பார்க்கலாம். திருத்தப்படாத அந்தப் பாதி விடைத்தாளுக்கு மட்டும் ஒரே வழிதான் தெரிகிறது: எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று இருவராலும் நிராகரிக்கப்பட்டவர்களில் ஒன்றிரண்டு பேரைக் குலுக்கலில் எடுத்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது. இதற்கு ஒப்புக்கொள்ள எந்த நிறுவனமும் லேசில் முன்வராது. ஒப்புக்கொள்ளாத இடத்தில் இயந்திரமும் மேலாளரும் ஒரே குருட்டுப் புள்ளியோடுதான் ஆள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.